துளை விழுந்த மாவுப்பூச்சி

 

இந்த மேசையின் மேல் இரண்டு பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, எங்கள் வீட்டு வாசலிலிருந்து தூக்கி வந்த ஒரு பூந்தொட்டி. இன்னொன்று, ராசிபுரம் பக்கத்துக் காடு ஒன்றிலிருந்து ஒடித்து வந்த குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் கொழுந்து. தொட்டியில் இருப்பது அழகுக்கு வளர்க்கிற செடி. கொழுந்து ஒரு குடும்பத்தின் பிழைப்பு. இந்த இரண்டுக்கும் என்ன உறவு? இரண்டிலும் ஒரே கூட்டத்துப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பூச்சியைப் பற்றியும், அதைப் பார்க்கத் தெரியாமல் நாம் செய்கிற பிழைகளைப் பற்றியும், பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் இந்த மண்ணைக் காப்பாற்றிய கதையைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் தொட்டியைப் பாருங்கள். இது கார்டீனியா. நர்சரியில் கந்தராஜா என்று கேட்டாலும் தருவார்கள். நந்தியாவட்டை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நந்தியாவட்டை இலையைக் கிள்ளினால் பால் வடியும். இதைக் கிள்ளினால் வடியாது. பளபளவென்று கரும்பச்சை இலை, தந்த நிறத்தில் பூ, ஒரு பூ பூத்தால் வாசல் முழுக்க மணம். இது காபிக் குடும்பத்துச் செடி. நம் வீட்டு இட்லிப்பூவும் அதே குடும்பம்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காபியைக் கொண்டுவந்து பயிரிட்டார். அந்தக் காபிச் செடியைத் தின்கிற சில பூச்சிகள் கார்டீனியாவையும் விட்டுவைப்பதில்லை. உறவுக்காரச் செடி என்றால் நோயிலும் உறவு உண்டு.

ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது ஒரு நர்சரியில் இந்தச் செடியை வாங்கினேன். வாங்கிய மூன்றாம் மாதம் கணுக்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் என்ன செய்தேன்? அண்ணன் தோட்டத்தில் மீதியிருந்த மருந்தைக் கேட்டு வாங்கி, அளவு பார்க்காமல் கலந்து அடித்தேன். மறுநாள் காலை வெள்ளை குறைந்திருந்தது. மனசு நிறைந்துபோனது. மூன்றே வாரம். போன வெள்ளை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அடித்தபோது மொட்டு முழுக்க உதிர்ந்துவிட்டது. பூச்சி மட்டும் அப்படியே இருந்தது. மருந்தில் குறை இருந்ததோ இல்லையோ, என்னிடம் ஒரு பெரிய குறை இருந்தது. மருந்தைக் கையில் எடுக்கும் முன்னால் அந்தச் செடியை நான் ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பஸ் நிலையக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதுதான் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர். அந்தக் கண்ணாடி வழியாக நான் கண்டதைத்தான் இனி உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கார்டீனியாவில் யார் யார் வந்து தங்குகிறார்கள்?

இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கைப் பாருங்கள். பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. சில ஊர்களில் கள்ளிப்பூச்சி என்பார்கள். அந்த மாவு அதன் உடம்பிலிருந்து சுரக்கிற மெழுகு. மழையில் கரையாது, மருந்துத் தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். உள்ளே பஞ்சுப்பையில் முட்டைகள் நூற்றுக்கணக்கில் பத்திரமாக இருக்கும். என் மருந்து ஏன் தோற்றது என்பது இப்போது விளங்குகிறதா?

அடுத்து, இலையைத் திருப்பி நடு நரம்பைப் பாருங்கள். வெளிர்பச்சை நிறத்தில், தட்டையாக, முட்டை வடிவத்தில், கோந்து போட்டு ஒட்டியதுபோல் வரிசையாக இருந்தால் அது பச்சைச் செதில் பூச்சி. நகத்தால் நெம்பினால்தான் பெயரும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன் முதுகில் லாடம்போல வளைந்த ஒரு கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு வேறொன்றுமில்லை, உள்ளே இருக்கிற குடல்தான். இதே பூச்சிதான் காபித் தோட்டக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகப் படுத்திவருகிறது.

செடியை லேசாக உலுக்குங்கள். வெண்துகள் பறந்து மறுபடி வந்து உட்கார்ந்தால் அது வெள்ளை ஈ. மொட்டுக் காம்பிலும் இளங்கொழுந்திலும் கூட்டம் கூட்டமாக, தொட்டால் நசுங்குகிற மாதிரி இருந்தால் அசுவினி. பூவின் ஓரம் பழுப்பேறிக் கருகினால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துப் பூவைத் தட்டுங்கள். தாளில் நெல்லின் மூக்கைவிடச் சிறியதாக ஏதோ நெளிந்து ஓடினால் இலைப்பேன். சித்திரை வெயிலில் இலை மங்கி, புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். அதற்குக் கால் எட்டு. பூச்சிக்குக் கால் ஆறு. பூச்சிக்கென்று இருக்கிற மருந்துகளில் பல அதை ஒன்றும் செய்யாது.

இலை பாதியே காணவில்லையா? அடியில் கறுப்பு உருண்டையாக எச்சம் கிடக்கிறதா? அப்படியானால் மேலே தேடுங்கள். இலை நிறத்திலேயே, வாலில் ஒற்றைக் கொம்போடு ஒரு தடித்த புழு இருக்கும். காபியையும் கார்டீனியாவையும் தின்கிற பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்தால் கண்ணாடிபோல் தெளிந்த சிறகோடு, பட்டப்பகலில் பூவுக்குப் பூ நின்றபடி பறந்து தேன் குடிக்கும். புழுவைக் கையால் எடுத்துப் போட்டால் தீர்ந்தது. அதற்கு ஒரு துளி மருந்தும் வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லா மஞ்சள் இலையும் பூச்சியின் வேலையல்ல. கார்டீனியா புளிப்பான மண்ணில் வாழ்கிற செடி. நம் சமவெளியில் பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்பு, போர்வெல் தண்ணீரில் உப்பு. அதனால் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் திணறும். இளங்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அந்தச் செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால் யாருக்கு லாபம்? மழைத் தண்ணீர், மட்கிய இலை, கொஞ்சம் இரும்புச் சத்து, இவைதான் அதற்கு மருந்து. பூச்சியே இல்லாத செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது, காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

அன்பர்களே! தொட்டியில் ஒரு செடி போனால் ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ நட்டம். இன்னொரு செடி வாங்கிக்கொள்ளலாம். அதே கூட்டத்துப் பூச்சி காட்டில் இறங்கினால்?

2008-ஆம் ஆண்டு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டில் மேற்கு மாவட்டங்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, கொய்யா, பருத்தி, வாசலில் நின்ற செம்பருத்தி, வரப்பில் நின்ற பார்த்தீனியம் எதையும் விடவில்லை. மல்பெரித் தோட்டத்தில் இலை போனால் பட்டுப்புழுவுக்கு உணவு ஏது? மருந்து அடிக்கலாமா என்றால் மருந்து பட்ட இலையைத் தின்றால் புழு சாகும். அடிக்காவிட்டால் இலை இல்லாமல் சாகும். பட்டு வளர்த்தவர்கள் அன்று பட்ட பாட்டை இந்த அவையில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

மருந்தடித்து ஓய்ந்த நேரத்தில் விஞ்ஞானிகள் வேறொரு கேள்வி கேட்டார்கள். இந்தப் பூச்சி அதன் சொந்த ஊரில் ஏன் இத்தனை ஆட்டம் போடுவதில்லை? அங்கே அதற்கு எதிரி உண்டு. அந்த எதிரியை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் இங்கே கப்பலேறி வந்துவிட்டது. அப்படியானால் அந்த எதிரியைக் கொண்டுவருவோம் என்று முடிவு செய்தார்கள். 2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகள் பெங்களூருக்கு வந்தன. முறையாகச் சோதித்துப் பார்த்த பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாக அவை வயலில் விடப்பட்டன. அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி இங்கே நன்றாகக் கால் ஊன்றிக்கொண்டது.

குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்படாதீர்கள். இந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கேழ்வரகு ஒன்றை எடுத்து வைத்தால் அதைவிடச் சிறியது. நம்மைக் கொட்டத் தெரியாது. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மாவுப்பூச்சியைத் தேடிப் போகும். அதன் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு உள்ளிருந்தபடியே மாவுப்பூச்சியைத் தின்று வளரும். இரண்டு மூன்று வாரத்தில் மாவுப்பூச்சி வெறும் கூடாகிவிடும். அந்தக் கூட்டில் துளை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும். வந்தவுடன் அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிப் புறப்படும். சம்பளம் கேட்காது. லீவு கேட்காது. பம்பு தூக்காது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும்! சில மாதங்களில் பப்பாளியும் மல்பெரியும் மீண்டன. ஆயிரக்கணக்கான உழவர்கள் மருந்துச் செலவிலிருந்து தப்பினார்கள்.

ஒரு துன்பம் தீர்ந்தது என்று மூச்சு விட்டோம். பத்தே வருடம்.

2020-இல் கேரளத்தின் திருச்சூரில் இன்னொரு மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. இது குச்சிக்கிழங்குக்கென்றே பிறந்ததுபோல் அதன்மேல் விழுகிற பூச்சி. மலைத் தொடரைத் தாண்டி நம் பக்கம் வர அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தூர், கெங்கவல்லி, ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு என்று எங்கெங்கே குச்சிக்கிழங்கு உண்டோ அங்கெல்லாம் கொழுந்து சுருண்டது. நுனி முட்டைக்கோஸ்போலக் கூம்பியது. கணுக்கள் நெருங்கித் தண்டு முறுக்கிக்கொண்டது. ஒன்பது பத்து மாதம் காத்திருந்து கிழங்கு பிடுங்க வேண்டியவர்கள், வெறும் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குச்சிக்கிழங்கு இந்தச் சமவெளிக்கு என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு இருந்தால் சேகோ பாக்டரி ஓடும். பாக்டரி ஓடினால் களத்தில் ஜவ்வரிசி காயும். களம் காய்ந்தால் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு தொடங்கியதும், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் கிழங்கின் பெருமை. நம் வீட்டுப் பாயசத்தில் கண்ணாடி மணிபோல் மிதக்கிற ஒவ்வொரு ஜவ்வரிசியும் இந்தக் காடுகளின் பிள்ளை.

இங்கே ஒரு நொடி நின்று ஆப்பிரிக்காவைப் பார்த்துவிட்டு வருவோம். இதே குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கான மக்களுக்கு அன்றாடச் சோறு. காங்கோவில் தொடங்கி நாடு நாடாகக் காய்ந்தது. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் பூச்சியின் தாயகத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் அந்த மாவுப்பூச்சியும், அதைத் தின்று அடக்கி வைத்திருந்த ஒரு குளவியும் கிடைத்தன. அனகைரஸ் லோபெசி என்பது அந்தக் குளவியின் பெயர். நம் ஊரில் சேகோசர்வ் தொடங்கிய அதே ஆண்டில், உலகத்தின் மறுகோடியில் நம் கிழங்குக்கான காவலாளி கண்டெடுக்கப்பட்டான்! ஆப்பிரிக்காவின் மரவள்ளி அந்தக் குளவியால் மீண்டது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பிறகு இதே பூச்சி தாய்லாந்துக்குள் நுழைந்தபோதும் இதே குளவிதான் போய்க் காத்தது.

ஆகவே 2020-இல் நம்மவர்கள் இருட்டில் தடவ வேண்டியிருக்கவில்லை. யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. தனிமைப்படுத்தி வைத்து, வேறு நல்ல பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று பார்த்து, பெருக்கினார்கள். 2022 மார்ச் மாதம், நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில், மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் குளவி முதன்முதலாக வயலில் விடப்பட்டது. பராகுவேயில் பிறந்து, ஆப்பிரிக்காவில் வளர்ந்து, பெங்களூரில் தேர்வெழுதி, ஏத்தாப்பூரில் வேலைக்குச் சேர்ந்த குளவி!

இப்போது இந்தக் கொழுந்தைக் கையில் எடுக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இலையடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கிறது. நடுநடுவே சிலது மட்டும் வெள்ளையாக இல்லை. பழுப்பாக, உப்பலாக, சின்னப் பீப்பாய்போல் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அந்தப் பீப்பாயின் ஒரு முனையில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. உள்ளே ஒன்றும் இல்லை. அந்தத் துளைதான், அன்பர்களே, குளவி பிறந்து வெளியேறிய வாசல். துளை விழாத பழுப்புப் பீப்பாய் இருந்தால், அதற்குள் ஒரு குளவி பிறக்கக் காத்திருக்கிறது.

இந்தக் கொழுந்தின் மேல் இப்போது மருந்தடித்தால் யார் சாவார்கள்? மெழுகுச் சட்டை போட்ட மாவுப்பூச்சியில் பாதி தப்பிவிடும். சட்டை இல்லாமல் பறந்து திரிகிற குளவி முதல் துளியிலேயே விழும். எதிரியை விட்டுவிட்டுக் காவலாளியைச் சுட்டுவிடுவோம். பிறகு மூன்றாம் வாரத்தில் வெள்ளை இரண்டு மடங்காக வரும். என் கார்டீனியாவில் நடந்தது இதுதான். அன்று என்னிடம் கண்ணாடி இல்லை. இருந்திருந்தால் அந்தத் துளைகளை நான் பார்த்திருக்கக்கூடும். மருந்தை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நண்பனை எதிரி என்று நினைத்துக் கொல்வது நமக்குப் புதிதல்ல. இன்னொரு உதாரணம் சொல்கிறேன். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைவிடப் பெரிய வெள்ளைப் பூச்சி ஒன்று, நீள நீளமான மெழுகு இழைகளோடு, விறுவிறுவென்று நடந்து போகும். பார்த்தவுடன் "ஐயோ, இது பெரிய மாவுப்பூச்சி" என்று நசுக்குவோம். அது மாவுப்பூச்சியே அல்ல. அது ஒரு பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்று பெயர். மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் பிழைப்பு. மாவுப்பூச்சி மெல்ல ஊரும். இது வேகமாக நடக்கும். நடையைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

இந்தப் பொறிவண்டுக்கும் நம் காபிக் குடும்பத்துக்கும் பழைய கதை ஒன்று உண்டு. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். எதற்கு? காபியைக் கெடுத்த பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க. சற்று முன் கார்டீனியா இலையின் நரம்பில் லாடக் கோட்டோடு காட்டினேனே, அதே பூச்சி! வந்த வேலையில் பொறிவண்டு தோற்றது. செதில் பூச்சியை அது பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவில் தங்கி, மாவுப்பூச்சிகளைத் தின்னத் தொடங்கி, இன்றுவரை நமக்கு உழைக்கிறது. இன்னொரு நண்பனும் உண்டு. ஸ்பால்ஜிஸ் என்ற சின்னஞ்சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சி. வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் இலை தின்னும் என்றுதானே நமக்குப் பாடம்? இதன் புழு மாவுப்பூச்சியைத் தின்னும். கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் ஒரு குரங்கின் முகம் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

வெள்ளைப் பூச்சி நமக்குக் கெடுதல் மட்டும்தான் செய்ததா? அதுவும் இல்லை. 1920-களில் இந்த நாட்டுக் காட்டையும் மேட்டையும் சப்பாத்திக்கள்ளி வளைத்துக்கொண்டு ஆடுமாடு நுழைய முடியாமல் கிடந்தது. அதை வெட்டி மாளாமல் நின்றபோது, கள்ளியைத் தின்கிற ஒரு வெள்ளைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் நிலத்தை மீட்டார்கள். ஆகவே பூச்சி என்றாலே பகை என்ற எண்ணத்தை விடுங்கள். எந்தப் பூச்சி, எந்தச் செடியில், யாரோடு இருக்கிறது? இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் பகையா உறவா என்று சொல்ல முடியும்.

சரி, கேட்டுக்கொண்டோம், வீட்டுக்குப் போய் என்ன செய்வது? முதலில் வாசல் செடிக்குச் சொல்கிறேன்.

எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் அசுவினியும் சாறு குடித்துவிட்டு இனிப்பான கழிவை விடும். அந்த இனிப்புக்காக எறும்பு சாரை சாரையாக வரும். சும்மா வராது; குளவியையும் பொறிவண்டையும் விரட்டி, மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும். குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கிளையில் குடிவைக்கும். அந்த இனிப்பின் மேல் வளர்வதுதான் இலையில் படிகிற கரிப்படலம். ஆகவே எறும்பின் வழியை மறித்தால் பாதி வேலை முடிந்தது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் ஒரு செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். சுவரிலோ பக்கத்துச் செடியிலோ கிளை படாமல் வெட்டிவிடுங்கள்.

பூச்சி கொஞ்சமாக இருந்தால், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டுத் துடைத்து எடுங்கள். காலை வேளையில் இலையடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அசுவினி கழுவிக்கொண்டு போகும். வெள்ளை ஈக்கு, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இவ்வளவும் போதவில்லை என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலக்கும் அளவுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையடியில் நன்றாகப் படும்படி தெளியுங்கள். ஒரு கிளையில் முதலில் அடித்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து இலை கருகவில்லை என்று தெரிந்த பிறகு முழுச் செடிக்கும் அடியுங்கள். நர்சரியிலிருந்து புதுச்செடி வந்தால் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். மாவுப்பூச்சிக்குக் கால் நீளமில்லை. அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது நாம்தான்.

அதே பாடம்தான் காட்டுக்கும். குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி நெடுந்தூரம் பயணம் போவது விதைக்குச்சியில் ஏறித்தான். அதில் ஆண் இல்லாமலே பெண் பூச்சி குட்டி பெருக்கும். ஆகவே ஒற்றைப் பூச்சி ஒட்டிய ஒரே ஒரு குச்சி போதும், ஒரு ஊரையே வெள்ளையாக்க. பூச்சி பட்ட காட்டுக் குச்சியை அடுத்த ஊருக்கு விற்காதீர்கள், வாங்காதீர்கள். நடும் முன் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பாருங்கள். இளம்பயிரில் சுருண்ட நுனிகள் தெரிந்தால் ஒடித்துப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஆனால் ஒடிக்கும் முன்னால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழுப்புப் பீப்பாய் நிறைய இருந்தால் அதைத் தீயில் போட்டுவிடாதீர்கள். அந்த நுனியைக் கொண்டுபோய்ப் பூச்சி அதிகமாக இருக்கிற செடியில் கட்டிவிடுங்கள். நீங்களே ஒரு குளவிப் பண்ணை நடத்துகிறீர்கள்!

கட்டாயம் தெளிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்த சாறு இருக்கிறது. லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய்ச் சோப்பு இருக்கிறது. அதையும் பூச்சி இருக்கிற இடத்தில் மட்டும் அடியுங்கள். குளவி வேண்டுமா, சந்தேகம் தீர வேண்டுமா? ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தியூரிலும் நாமக்கல்லிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு கொழுந்தை ஒடித்துப் பையில் போட்டு வாயைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். மருந்துக் கடைக்குப் போகிற வழியை மாற்றி, முதலில் அங்கே போங்கள்.

தாய்மார்களே, உழவர் பெருமக்களே! என் கார்டீனியா இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். இதோ மேசையில் இருக்கிறது. இதில் இன்றும் மாவுப்பூச்சி உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான்கைந்து இடத்தில் வெள்ளை தெரிகிறது. ஆனால் மூன்று மொட்டும் இருக்கிறது. நான்கு வருடமாக இதற்கு விஷ மருந்து அடித்ததில்லை. கொஞ்சம் பூச்சி இருந்தால்தான் பொறிவண்டு தங்கும், பொறிவண்டு தங்கினால்தான் பூச்சி கொஞ்சமாகவே இருக்கும் என்பதை இந்தச் செடி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பேச்சை முடித்துக்கொள்கிறேன். இந்தக் கொழுந்தையும் கண்ணாடியையும் முதல் வரிசையில் கொடுக்கிறேன். கைக்குக் கை மாற்றிக் கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். மாணவச் செல்வங்கள் எண்ணிச் சொல்லுங்கள்: எத்தனை பீப்பாயில் துளை இருக்கிறது? நான் காலையில் எண்ணியபோது பதினொன்று. துளை விழாதவை நான்கு. இங்கே அரங்கின் சூட்டில், நம் பேச்சைக் கேட்டபடியே, அவற்றில் ஒன்று திறந்தாலும் திறக்கலாம். கொஞ்சம் மெதுவாகப் பிடித்துக் கொடுங்கள். கூட்டம் கலைந்ததும் இதை ஒடித்த காட்டிலேயே கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும். அந்த நான்கு பேருக்கும் அங்கே வேலை இருக்கிறது.